ஊறல் பானை யாருடையது?

‘அசுரன்’ (2019) வந்தப்போ நாம் எல்லாரும் செருப்பைப் பற்றிப் பேசினோம், பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் பின்கதையில் சிவசாமிக்கு என்ன வேலை? விஸ்வநாதனுக்குச் சாராயம் காய்ச்சிக் கொடுக்கிறான். காலம் 1960கள். ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தும்வரை நீடித்தது. ஆக, சிவசாமி தினமும் செய்வது குற்றம். அந்தக் குற்றம் யாருடைய கணக்கில் விழும்?

அருப்புக்கோட்டை தியேட்டரில் படம் பார்க்கும்போது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. குமாரலிங்கபுரம் பக்கம் நடந்த சாராயக் கதைகளை அவள் சொன்னால் வேலம்பட்டை வரும், கருப்பட்டி வரும், மண்ணுக்குள் புதைத்த பானை வரும். ஊறல் புளித்த பிறகு அதைக் காய்ச்சியாகணும். காய்ச்சினால் புகை, கூடவே வாடை. கரிசக்காட்டில் ஒளிய என்ன இருக்கு? நாலு உடைமரமும் ஒரு ஓடையும். அடுப்பில் நிற்கிறவன்தான் முதலில் கண்ணில் படுவான். முதல் போட்டவன் வீட்டுத் திண்ணையில் வெத்தலை போட்டுக்கிட்டிருப்பான். (பனையேறிகள் பாடு இன்னும் மோசம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு தடவல் சுண்ணாம்பில் ஒருத்தன் குற்றவாளி.)

வெற்றிமாறனுக்கு இது தெரியாமல் இல்லை. விஸ்வநாதன் சிவசாமி மேல் காட்டுகிற பிரியம் நல்ல உழவு மாட்டின் மேல் வைக்கிற பிரியம்தான். படத்தின் கூர்மையான அவதானிப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் படம் அங்கே நின்று பார்க்கவில்லை. காய்ச்சுவதை நாயகனின் கைத்திறமையாகக் காட்டிவிட்டு அரிவாளுக்கு ஓடிவிடுகிறது. நிலம் பிடுங்கப்படுவதை அவ்வளவு நிதானமாகச் சொல்லத் தெரிந்த இயக்குநர், சட்டத்தின் முன்னால் ஒருவனைத் தன் கேடயமாக நிறுத்திக்கொள்வதும் அதே ஆண்டைத்தனம்தான் என்பதை அவசரமாகக் கடந்துபோனது எனக்கு இன்னமும் ஏமாற்றம்தான்.

அமெரிக்க மதுவிலக்கைப் பற்றிய படங்களில் முதலாளிதான் கதை. அங்கேயும் அல் கபோனை 1931இல் உள்ளே தள்ளியது வருமான வரி வழக்கு. சாராய வழக்கு இல்லை. நம்ம ஊரில் விஸ்வநாதன்களுக்கு அதுவும் கிடையாது. ‘ஊறல் அழிப்பு’ என்று பேப்பரில் போட்டோ வருமே, பார்த்திருப்பீர்கள். கவிழ்த்த குடம், சுற்றி நாலு போலீஸ், நடுவில் லுங்கியோடு குத்தவைத்துத் தலைகுனிந்திருக்கும் ஒருவர். அந்தப் பானையை வாங்கக் காசு கொடுத்தவர் போட்டோவில் இருக்க மாட்டார்.