துயரமும் இடாப்பும்

கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள ‘பொலிடெக்னிக்’ என்னும் பொறியியற் கல்லூரியில், 1989ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி மாலை, இருபத்தைந்து வயது இளைஞனொருவன் வகுப்பறை ஒன்றினுட் புகுந்தான். ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமுமாகப் பிரித்தான். ஆண்களை வெளியே போகச் சொன்னான், அவர்கள் போயினர். எஞ்சி நின்ற ஒன்பது பெண்களிடம், தான் பெண்ணியத்தை எதிர்த்துப் போராட வந்திருப்பதாகக் கூறினான். நத்தலி புரோவோ என்ற மாணவி, தாங்கள் பொறியியல் கற்க வந்தவர்களே என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல முயன்றார். அவன் சுட்டான். அந்த அறையில் அறுவர் மாண்டனர். கட்டிடத்தின் ஏனைய பகுதிகளிலும் சுட்டுத் திரிந்து, இறுதியில் அவன் தன்னையே சுட்டுக்கொண்டபோது பதினான்கு பெண்கள் உயிரிழந்திருந்தனர். பன்னிருவர் பொறியியல் மாணவிகள். ஒருவர் தாதியர் கல்வி பயின்றவர். ஒருவர் கல்லூரி ஊழியர்.

இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டு டெனி வில்நெவ் 2009ஆம் ஆண்டில் ‘பொலிடெக்னிக்’ என்ற திரைப்படத்தை ஆக்கினார். கறுப்பு வெள்ளைப் படம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே படமாக்கப்பட்டது. கனடாவின் ஜீனி விருதுகளில் ஒன்பதைப் பெற்றது. கொலைஞனுக்குப் படத்திலே பெயர் இல்லை. குருதியின் செந்நிறத்தைக் காட்டி இரசிகனைக் கிளர்ச்சியுறச் செய்யும் மலிவான உத்தியை வில்நெவ் கையாளவில்லை. துப்பாக்கியை நாயகனின் மூன்றாவது கையாக்கிக் காசு சேர்க்கும் படங்களுக்கிடையே இந்த அடக்கம் பெரிது. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இனிச் சொல்லவிருப்பது குறை.

படத்தில் அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது? தொடக்கத்திலேயே அது அவன் கையில் இருக்கிறது. தனி அறையில் இருந்து அதனைத் தன்னை நோக்கிப் பிடித்துப் பார்க்கிறான், கடிதம் எழுதுகிறான், பனி மூடிய நகரினூடே கல்லூரிக்கு வருகிறான். பனி எப்படி வானிலிருந்து வந்ததோ அப்படியே துப்பாக்கியும் வந்தது என்று எண்ணத் தோன்றும். ஊழ்வினை போன்றதொரு பொருளாக அது படத்தில் நடமாடுகிறது. உண்மை அதுவன்று. 1989 நவம்பரில் மொன்றியல் நகரத்துக் கடையொன்றிலே, அனுமதிப் பத்திரம் காட்டி, காசு கொடுத்து, சட்டப்படி அவன் அதை வாங்கினான். ‘மினி 14’ எனப்படும் அரைத் தானியங்கி றைபிள் அது. ஒரு தொழிற்சாலை அதை ஆக்கியது. ஒரு வியாபாரி அதை விற்றான். ஓர் அரசு அதை அனுமதித்தது. இந்த மூவரும் படத்தில் இல்லை.

படத்திலே மாணவனொருவன் சுவரில் மாட்டியிருக்கும் பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ ஓவியப் பிரதியை நோக்கி நிற்கும் காட்சி ஒன்றுண்டு. பலர் இதைச் சிறந்த குறியீடு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. கெர்னிக்கா நகரின் மீது 1937இல் குண்டு பொழிந்தவர் யார், அவர்களை ஏவியவர் யார், அவர்களுடைய அரசியல் யாது என்பதைப் பிக்காசோ அறிந்தே தீட்டினார். பாசிசத்தோடு போராடிக்கொண்டிருந்த ஒரு குடியரசின் மண்டபத்துக்காகவே அது தீட்டப்பட்டது. அந்த அரசியலைக் கழித்துவிட்டு ஓலத்தை மாத்திரம் கடன் வாங்கினால், ‘உலகில் கொடுமை என்றும் உண்டு’ என்ற வேதாந்தமே எஞ்சும். உள்ளடக்கத்தை உதறிய குறியீடு வெறும் அலங்காரம்.

இக்குறை வில்நெவ் ஒருவருடையது அன்று. கொலை நிகழ்ந்த மறுநாளிலிருந்தே கனடாவின் பொது வாழ்வில் இதே போக்குத் தலைகாட்டியது. ‘பைத்தியக்காரன் ஒருவனின் செயல்’ என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவன் விட்டுச் சென்ற கடிதத்தில் தன் செயல் அரசியற் செயல் என்று அவனே எழுதியிருந்தான். கொல்ல விரும்பிய பத்தொன்பது பெண்களின் பெயர்ப் பட்டியலையும் இணைத்திருந்தான். பொலிசார் அக்கடிதத்தை வெளியிட மறுத்தனர். ஓராண்டு கழித்து, 1990 நவம்பரில், ‘லா பிரெஸ்’ நாளிதழில்தான் அது வெளிவந்தது. அதனைப் பெற்று வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளர் பிரான்சின் பெலெத்தியே அப்பட்டியலிலே இடம்பெற்ற பெண்களுள் ஒருவர். ஓர் இனத்தவரையோ மதத்தவரையோ பிரித்து நிறுத்திச் சுட்டால் பயங்கரவாதம் என்று சொல்லத் தயங்காதவர்கள், பெண்களைப் பிரித்து நிறுத்திச் சுட்டபோது ‘துயர நிகழ்வு’ என்றனர். மொன்றியலில் அப்பெண்களின் நினைவாக அமைந்த சதுக்கத்தின் பலகையிலும் துயரம் என்ற சொல்லே பொறிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் சென்று 2019இல்தான் அப்பலகை மாற்றப்பட்டு, ‘பெண்ணிய எதிர்ப்புத் தாக்குதல்’ என்ற சொல் அதில் ஏறியது.

சொல்லைப் பற்றி இவ்வளவு விரித்துப் பேசுவானேன் எனச் சிலர் கேட்கலாம். துயரம் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். தாக்குதல் என்றால் ஆயுதம் யாருடையது என்று கேட்டாக வேண்டும். அக்கேள்வியை முதலிற் கேட்டவர்கள் அக்கல்லூரியின் மாணவர்களே. அவர்களுள் ஒருவரான ஹைடி ரத்ஜென், வெண்டி சுக்கியர் என்னும் கல்வியாளரோடு சேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக் கூட்டியக்கத்தை அமைத்தார். மாண்ட மாணவிகளின் பெற்றோர் அதில் இணைந்தனர். ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டப்பட்டன. 1991இல் ஒரு சட்டம் வந்தது. 1995 டிசம்பரில், ஆறாவது நினைவு நாளுக்கு முந்திய தினத்தில், இன்னொன்று வந்தது. கைத்துப்பாக்கிகள் கனடாவில் 1934 முதலே பதிவு செய்யப்பட்டு வந்தன. இப்பொழுது றைபிள்களும் வேட்டைத் துவக்குகளும் 2003 ஜனவரிக்குள் ஒரு பொது இடாப்பிலே பதியப்பட வேண்டும் என்றாயிற்று.

எதிர்ப்பு எழுந்தது. அதனை ஆயுத வியாபாரிகளின் சூழ்ச்சி என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. வேட்டையாடியே உணவு தேடும் வடபுலத்துப் பழங்குடி மக்களுக்கு, தம் நிலத்தைப் பறித்த அதே அரசு இப்பொழுது துவக்குக்கும் கணக்குக் கேட்பதாகத் தோன்றியது. தன் வயலில் ஓநாய்க்கு அஞ்சும் குடியானவன், நகரத்துக் குற்றத்துக்குத் தான் ஏன் படிவம் நிரப்ப வேண்டும் என்று கேட்டான். இடாப்புக்கு நிகரமாக 20 இலட்சம் டொலரே செலவாகும் என்று தொடக்கத்தில் அரசு சொல்லியிருந்தது. துப்பாக்கித் திட்டத்தின் செலவு 100 கோடி டொலரை எட்டும் என்று 2002இல் கணக்காய்வாளர் நாயகம் அம்பலப்படுத்தினார். நல்ல நோக்கத்தை ஊதாரித்தனமான நிருவாகம் எவ்வாறு எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டா.

இன்னொரு வாதமும் உண்டு: இடாப்பு இருந்திருந்தால் 1989இல் அவனைத் தடுத்திருக்குமா? தடுத்திராது. அவன் பதிவு செய்துகொண்டே வந்திருப்பான். இதை மறைப்பது வாதத்துக்கு நன்மையன்று. ஆனால் இடாப்பின் வேலை வாயிலில் நின்று மறிப்பது மாத்திரமல்ல. மனைவியை மிரட்டும் ஒருவனின் வீட்டில் எத்தனை துவக்குகள் உள்ளன என்பதை அதுவே சொல்லும். உரிமையாளன் தன் ஆயுதத்தை வேறொருவனிடம் கைமாற்றினால் அதற்குப் பொறுப்புச் சொல்ல வைக்கும். 2005 மார்ச்சில் அல்பேட்டா மாகாணத்து மேயர்தோர்ப் அருகே நான்கு பொலிசார் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவ்விடத்திற் கிடந்த துவக்கொன்றின் பதிவைப் பின்பற்றியே கொலையாளிக்கு உதவியோர் கண்டுபிடிக்கப்பட்டனர். கள்ளத் துவக்கு என்பதுகூட வானத்திலிருந்து விழுவதன்று. பெரும்பாலும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரிடம் சட்டப்படி இருந்ததே அது.

நம் வாசகர்கள் பலருக்கு ‘இடாப்பு’ என்ற சொல்லே கசக்கும். அதற்கு நியாயமும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பிலே கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடிச் சென்றதை நாம் மறந்துவிடவில்லை. அரசின் கையிலுள்ள பட்டியலை ஐயத்தோடு நோக்குவது முற்போக்காளரின் கடமையுங்கூட. ஆயினும், பலமற்றவர் யார், எங்கே வசிக்கிறார் என்று சொல்லும் பட்டியலும், ஆயுதம் யாரிடம் உண்டு என்று சொல்லும் பட்டியலும் ஒன்றாகா. முன்னது பலியாவோரை அடையாளம் காட்டியது. பின்னது பலியெடுக்கும் கருவியை அடையாளம் காட்டுவது. பதியப்பட்டவர்களின் விபரம் வெளியே கசியாமற் காக்க வேண்டும் என்பது உண்மை. அது பட்டியலைக் காப்பதற்கான வாதமே, கொளுத்துவதற்கான வாதமன்று.

கனடாவிலோ கொளுத்தினார்கள். இடதுசாரிகள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் இதில் வகித்த பங்கையும் சொல்ல வேண்டும். வில்நெவின் படம் வெளிவந்த அதே 2009ஆம் ஆண்டு நவம்பரில், றைபிள் இடாப்பை ஒழிக்கும் மசோதா இரண்டாம் வாசிப்பில் நிறைவேறியது. புதிய ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர் பன்னிருவர் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். கிராமத் தொகுதிகளில் ஆசனம் போய்விடும் என்ற அச்சமே அவர்களுட் பலரை ஆட்டிவைத்தது என்பது என் துணிபு. அடுத்த ஆண்டு அக்கட்சியினர் பலர் மனம் மாற, 153க்கு 151 என்ற வாக்கில் அது தோற்றது. இரண்டு வாக்கு! 2011இல் ஹார்ப்பரின் பழமைவாதக் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. 2012 ஏப்ரலில் இடாப்பு சட்டப்படி ஒழிந்தது. அதோடும் அமையவில்லை. சேர்த்து வைத்த பதிவுகளையும் அழிக்கச் சட்டம் பணித்தது. கியூபெக் மாகாணம் தன் பங்கையாவது தரும்படி கேட்டு வழக்காடியது. வழக்கு நடக்கையிலேயே, 2012 ஒக்டோபரில், ஏனைய மாகாணங்களின் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் அழிக்கப்பட்டன. அப்பதிவுகளைக் கேட்டுத் தகவற் சட்டத்தின்கீழ் விண்ணப்பமொன்று நிலுவையில் இருந்தபோதே இது நடந்தது; அவ்வாறு அழித்தவர்களைக் காப்பாற்ற, 2015இல் வரவுசெலவுத் திட்ட மசோதா ஒன்றினுள்ளே முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். செலவு மிகுதி என்று கூறியவர்கள், செலவழித்துத் திரட்டிய பதிவையே குப்பையாக்கினார்கள் என்றால், அவர்கள் அஞ்சியது செலவுக்கு அன்று.

2015 மார்ச்சில் கனடாவின் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கியூபெக்கின் கோரிக்கையை நிராகரித்தது. கியூபெக்கைச் சேர்ந்த நீதியரசர் மூவரும் மாறுபட்ட தீர்ப்பின் பக்கம் நின்றனர். அம்மாகாணம் 2016இல் தானே ஒரு சட்டம் இயற்றி, 2018 ஜனவரியில் தன் சொந்த இடாப்பைத் தொடங்கியது. இடையிலே, 2017 ஜனவரி 29ஆம் திகதி, கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரதமர் அன்றே இதைப் பயங்கரவாதத் தாக்குதல் என்றார். ஆனால் பயங்கரவாதக் குற்றச்சாட்டு எதுவும் கொலையாளிமீது சுமத்தப்படவில்லை. அப்பள்ளிவாசலில் உயிர் தப்பியோரும் பொலிடெக்னிக் மாணவிகளும் ஒரே கோரிக்கையோடு நின்றனர். அதே ஆண்டு டிசம்பரில், இடாப்பை எதிர்த்த துவக்காளர் குழுவொன்று, அந்தப் பதினான்கு பெண்களின் நினைவுச் சதுக்கத்திலேயே தன் ஆர்ப்பாட்டத்தை நடத்த நாள் குறித்தது. கண்டனம் எழுந்த பின்பே இடம் மாற்றியது.

இனிப் படத்துக்கு மீள்வோம். அதில் உயிர் தப்பும் வலெரி என்னும் மாணவி, பின்னாளிற் பொறியியலாளராகிறாள், கருவுற்றிருப்பதை அறிகிறாள், பிறக்கப்போகும் குழந்தையை எப்படி வளர்ப்பேன் என்று மனத்துள்ளே பேசிக்கொள்கிறாள். உருக்கமான காட்சிதான். ஆனால் சமுதாயத்தின் பெரும் புண்ணுக்கு ஒரு தாயின் வளர்ப்பு முறையை மருந்தாகக் காட்டுவது, பெண்ணைத் தாக்கிய சமுதாயத்தைத் திருத்தும் வேலையையும் அப்பெண்ணின் மடியிலேயே போடுவதாகும். வில்நெவ் இவ்வாறு கருதியிருக்கமாட்டார். படம் அவ்வாறு பேசுகிறது. உண்மையில் நடந்ததோ வேறு. நத்தலி புரோவோவும் பொறியியலாளரானார், தாயுமானார். அதோடு நிற்கவில்லை. குண்டு பாய்ந்த உடலோடு பாராளுமன்றக் குழுக்கள் முன் சென்று பேசினார், கூட்டங்களில் நின்றார், ஏமாற்றப்பட்டபோது கண்டித்தார், 2025இல் தாமே பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். இந்தப் பெண்ணைக் காட்டும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. தனித் துயரத்தைத் தீட்டும் கலைஞன் கூட்டுச் செயலைக் கண்டால் அது பிரசாரமாகிவிடும் என்று அஞ்சுகிறான். விண்ணப்பத் தாளும் கையொப்பமும் குழுக் கூட்டமும் கலைக்குரியன அல்ல என்பது அவன் எண்ணம். அங்கேதான் யதார்த்தம் அவன் கையை விட்டு நழுவுகிறது.

மினி 14 றைபிளைக் கனடா 2020 மே 1ஆம் திகதி தடை செய்தது. அதற்கு, ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் இருபத்திரண்டு பேர் கொல்லப்பட வேண்டியிருந்தது. வேட்டைத் துவக்கை விற்கும் கடைக்காரன் யாருக்கு விற்றான் என்று குறித்து வைக்க வேண்டும் என்ற விதி 2022இல் மீண்டும் வந்தது. 2012இல் அழித்த பதிவுகள் மீண்டு வரவில்லை.