கடனும் காடும்: ஒரு மாற்றுத்திட்டத்தின் இறையியல் மதிப்பீடு

வளர்முக நாடுகளின் இயற்கை வளங்களைக் காக்க நிதியுலகம் காட்டும் வழிகளுள் ஒன்று, கடனைக் குறைத்து அதற்கு ஈடாக இயற்கைப் பாதுகாப்பைப் பெறும் மாற்றுத்திட்டமாகும். 1984இல் அமெரிக்க உயிரியல் அறிஞர் தாமஸ் லவ்ஜாய் இதனை முன்மொழிந்தார். கடன்சுமையால் நெருக்குண்ட நாடுகள் காடுகளைக் காக்கப் பொருளின்றித் தவிக்கின்றன. ஆதலின் கடனில் ஒரு பகுதியை நீக்கி, அந்நாடுகள் அப்பணியை மேற்கொள்ளச் செய்யலாம் என்றார் அவர். இதைக் கேட்டதும் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆண்டு நம் நினைவில் எழுவது இயல்பே. ஆயினும் இது யூபிலிதானா என்பதை நாம் ஆராயவேண்டும்.

இத்திட்டம் முதன்முதலாக 1987இல் பொலிவியாவில் நிறைவேறியது. கன்சர்வேஷன் இண்டர்நேஷனல் என்னும் அமெரிக்க அமைப்பு, 6,50,000 டாலர் முகமதிப்புள்ள பொலிவியக் கடனைச் சுமார் 1,00,000 டாலருக்கு வாங்கி நீக்கிற்று. ஈடாக, பேனி உயிர்க்கோளக் காப்பகத்தையும் சுற்றியுள்ள பரந்த நிலப்பகுதியையும் பேண அரசு உறுதியளித்தது. நிலத்தின் உடைமை அயலாருக்கு மாறவில்லை. காப்பகத்துக்கு நிதியும் ஒதுக்கப்பட்டது. இந்நன்மைகளை மறுப்பது நேர்மையன்று.

எனினும் இருகேள்விகள் எழுகின்றன. முதலாவது, மன்னித்தவர் யார்? நூறு டாலர் கடன் சந்தையில் ஏறத்தாழ பதினைந்து டாலருக்கு விலைபோயிற்று எனில், அது முழுமையாகத் திரும்பாது என்பதைக் கடன் கொடுத்தோரே ஒப்புக்கொண்டுவிட்டனர் என்பது பொருள். கைவிட்டுப்போன பொருளை விற்பது வணிகம். அதனை மன்னிப்பு எனல் தகாது.

இரண்டாவது, நிலத்தில் வாழ்வோர் எங்கே? சிமானே முதலிய பழங்குடியினர் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. அவர்கள் வாழ்ந்த காட்டிலேயே மரக் கம்பெனிகளுக்கு வெட்டுரிமை வழங்கப்பட்டிருந்தது. 1990 மார்ச்சில் சியோலில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் மாநாடு, அந்நியக் கடன் அடிமைத்தனத்தினின்று விடுதலையையும் படைப்பின் பாதுகாப்பையும் உடன்படிக்கைகளாக ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பேனியின் பழங்குடி மக்கள் டிரினிடாட் நகரினின்று லா பாஸ் நோக்கி ஒரு மாதத்துக்கு மேலாக நடந்தனர். நிலமும் மாண்புமே அவர்கள் கேட்டவை. அதன் பின்னரே அரசு ஆணைகள் அவர்தம் நிலப்பகுதிகளை ஏற்றன. ஒப்பந்தம் தராததை மக்களின் கால்நடைப் பயணம் பெற்றுத்தந்தது.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை இங்கு ஒப்புநோக்குவோம். வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகுவைத்த மக்களின் கூக்குரலே அங்கு தொடக்கம். நெகேமியாவோ, தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என ஒப்புக்கொண்டு, நிலத்தைத் திருப்பித்தரச் சொல்கின்றார். யூபிலியின் முடிவும் அதுவே: கடன் ஒழிவதோடு குடும்பம் தன் காணியாட்சிக்குத் திரும்புகின்றது. மாற்றுத்திட்டமோ கடன் கொடுத்தோரின் மேசையில் தொடங்குகின்றது. குடும்பத்தை அது காண்பதில்லை.

இன்று தொகைகள் பெருகிவிட்டன. 2023இல் ஈக்வடார், சுமார் 160 கோடி டாலர் முகமதிப்புள்ள கடன் பத்திரங்களை 65 கோடி டாலர் அளவிலான புதுக்கடனைக்கொண்டு மாற்றி, மிச்சத்தின் ஒரு பகுதியைக் கலாபகோஸ் தீவுகளின் கடலுக்கு ஒதுக்கிற்று. கடல் காக்கப்படுவது நன்று. ஆயினும் அங்கும் கடலை நம்பி வாழ்வோரின் குரல் முதலில் கேட்கப்பட்டதா என்பதே நம் அளவுகோலாக நிற்கவேண்டும்.

இவ்வளவுகோலை நாம் பிறருக்கு மட்டும் வைத்தல் ஆகாது. நம் சபைகளில் உக்கிராணத்துவம் என்னும் சொல் பெரும்பாலும் காணிக்கைப் பிரசங்கமாகச் சுருங்கிவிட்டது. படைப்பைப் பேணும் பொறுப்பை நாமே பணக்கணக்காக்கிய பின், நிதியுலகம் அவ்வாறு செய்வதை எங்ஙனம் கண்டிப்போம்? நெகேமியாவைப் போல் நம்மையும் கடன் கொடுத்தோர் வரிசையில் நிறுத்திப் பேசும் துணிவு நம் பிரசங்க பீடங்களுக்கு வேண்டும். சபையின் நிலங்களில் குடியிருப்போரின் குரலைக் கேட்பதிலிருந்தே நாம் தொடங்கலாம்.