மர்ம நாவல் அலமாரி: கொங்கு வாசகருக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

மர்ம நாவல் கேட்டு வருகிற வாசகருக்கு நூலகத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. அலமாரியைக் கைகாட்டிவிட்டு நூலகர் பதிவேட்டில் தலை கவிழ்ந்துகொள்வார். இல்லையென்றால், "இதை விட்டுட்டு நல்ல புத்தகமாப் படிங்க" என்று அறிவுரை சொல்வார். இரண்டுமே அந்த வாசகருக்குச் செய்கிற அநீதி. கவிதை கேட்பவருக்கு எது தேர்ந்த கவிதை என்று பார்த்துக் கொடுக்கிறோம். மர்மக் கதைக்கும் மரபு உண்டு, வழிகள் உண்டு, தரம் உண்டு. அந்த மரபில் கொங்கு நாட்டுக்குள்ள பங்கு இங்கேயே பலருக்குத் தெரியாமல் கிடக்கிறது.

தமிழில் துப்பறியும் கதை 1890களிலேயே தொடங்கிவிட்டது. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் என்ற போலீஸ் நிபுணன் 1894இல் அச்சேறினான். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் காலம். ஆங்கில நாவல்களின் எலும்புக்கூட்டை எடுத்துத் தஞ்சாவூர், கும்பகோணம், சென்னைக் குடும்பங்களின் சதையைப் போர்த்தினார்கள். இன்றைய வாசகருக்கு அந்த நடை நீளம்; ஒரு கொலைக்கு நடுவே நாலு பக்கம் நீதிபோதனை வரும். ஆனாலும் வடுவூராரின் திகம்பர சாமியாரை ஒருமுறை சந்தித்தவர் மறக்க மாட்டார். அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில், எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்து, 1950இல் அந்தப் படம் வெளிவந்தது.

கொங்கு நாட்டுக்கு அதைவிட நெருக்கமான உறவு 'மலைக்கள்ளன்'. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, மோகனூர்க்காரர். காந்தியப் பாடல்களுக்காக நாம் கொண்டாடும் கவிஞர், மலையில் ஒளிந்து வாழும் ஒரு கள்ளன் உண்மையில் யார் என்ற கேள்வியை வைத்தே ஒரு முழு நாவலை நகர்த்தியிருக்கிறார். கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக்கினார், மு. கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். 1954இல் வந்த அந்தப் படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. படத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். நாவலைப் படித்தவர்கள் மிகக் குறைவு. வேகமும் வேண்டும், நல்ல தமிழும் வேண்டும் என்று கேட்கிற பெரியவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இந்த நூலைத்தான்.

தேவனின் 'துப்பறியும் சாம்பு' 1942இல் ஆனந்த விகடனில் தொடங்கியது. அதில் மர்மத்தைவிடச் சிரிப்பே பெரிது. வீட்டில் எல்லோரும் வாங்கிப் படிக்கிற புத்தகம். தமிழ்வாணனின் சங்கர்லால் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு உலக வரைபடத்தையே கற்றுக் கொடுத்தவர். அளவான வாக்கியம், தனித்தமிழ்ச் சொற்கள், இடையறாத தேநீர். பத்து, பன்னிரண்டு வயதில் வாசிப்பைத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இன்றும் இவை பொருந்துகின்றன.

சுஜாதாவிடம் வந்தால் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது. 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தமிழ் மர்மக் கதையின் இலக்கணத்தை மாற்றியது. அதுவரை எழுத்தாளர் வாசகரை உட்கார வைத்து விளக்கினார், சுஜாதா விளக்கவில்லை. ஒரு சாட்சியின் பேச்சு, ஒரு நாட்குறிப்பு, ஒரு போலீஸ் அறிக்கை என்று துண்டு துண்டாகக் காட்டி, சேர்க்கிற வேலையை நம்மிடம் விட்டார். அவருடைய நாயகன் கணேஷ் ஒரு வக்கீல். அவன் கேட்கிற கேள்வி நீதிமன்றத்தில் நிற்குமா என்பது எப்போதும் பின்னணியில் இருக்கும். பேயா, மனிதனா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை இழுக்கிற 'கொலையுதிர் காலம்' எத்தனை முறை பைண்டு போட்டாலும் கிழிந்து வருகிற நூல்களில் ஒன்று. முடிவு தெரிந்த பிறகும் அதை மறுபடி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மர்ம நாவலுக்கு இதைவிடக் கடினமான தேர்வு எனக்குத் தெரியாது.

இனி நம் ஊர். ராஜேஷ்குமார் கோவையில் பிறந்து, கோவையிலேயே இருந்து எழுதியவர். அவர் நாவல்களின் எண்ணிக்கை 1500ஐத் தாண்டியது. சென்னைக்குக் குடிபெயராமல் தமிழ்ப் பத்திரிகை உலகத்தை ஆள முடியும் என்று காட்டியதே பெரிய காரியம். மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் காந்திபுரம், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் மாத நாவலைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிய காலம் உண்டு. வாடகை நூலகங்களில் ஒரே பிரதி பத்து வீடு சுற்றும். அவர் படைத்த கிரைம் பிராஞ்ச் விவேக்கும் ரூபலாவும் அந்த வீடுகளில் உறவுக்காரர்களைப்போல் பேசப்பட்டார்கள்.

அவருடைய கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஓர் அத்தியாயம் ஓர் ஊரில், அடுத்தது வேறோர் ஊரில். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கதைகள் மாறி மாறி ஓடும். முக்கால்வாசி தாண்டிய பிறகு இரண்டும் ஓரிடத்தில் மோதும். நன்றாக அமைந்தபோது அந்த மோதல் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். ஆனால் மாதாமாதம், வாராவாரம் எழுதியவரிடம் எல்லாம் ஒரே தரத்தில் இருக்க முடியாது. சிலவற்றில் கடைசி மூன்று பக்கத்தில் குற்றவாளி தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். ஆகவே அவரை மொத்தமாக அடுக்காமல், பொறுக்கி அடுக்க வேண்டும். இரண்டு கதைகளும் சேர்கிற காரணம் முன்பே விதைக்கப்பட்டதா, திடீரென்று முளைத்ததா என்று பாருங்கள். விதைத்திருந்தால் எடுத்து முன்வரிசையில் வையுங்கள். ஒரு பெரிய எழுத்தாளருக்கு அவருடைய சொந்த ஊர் நூலகம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

அதே மாத நாவல் காலத்தில் சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தியும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும் துள்ளலான உரையாடலால் இளைஞர்களைப் பிடித்தார்கள். சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் வேறு வழியில் போனார். சித்தர், குலதெய்வம், ஊர்க்கட்டுப்பாடு ஆகியவற்றை மர்மத்தின் நடுவில் வைத்தார். 'மர்ம தேசம்' தொலைக்காட்சித் தொடராகத் தமிழ்நாடு முழுவதும் சென்றது. அமானுஷ்யம் பிடிக்காதவருக்கு அவரைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். பிடித்தவருக்கு வேறு யாரைக் கொடுத்தாலும் நிறையாது.

புதிய நாவலை எப்படி எடை போடுவது? வாசகர் ஏமாறலாம், ஆனால் ஏமாற்றப்படக் கூடாது. தடயம் நம் கண்முன் கிடந்திருக்க வேண்டும். நாம்தான் அதைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். செத்துப்போனவருக்கு ஒரு வாழ்க்கை இருந்ததென்று நாவல் நம்ப வேண்டும். அட்டைப்படத்துக்காக ஒரு பெண்ணைக் கொல்கிற நாவல்களை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. நடைமுறையும் சரியாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் கொலைக்குத் தண்டனை சொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. அதற்குப் பின் நடக்கிற கொலைக்கு ஒரு நாவலில் இன்ஸ்பெக்டர் இன்னும் பழைய சட்டத்தின் 302 போட்டால், எழுதியவர் ஒரு காவல் நிலையத்தையும் எட்டிப் பார்க்கவில்லை. செல்போன் டவர், கண்காணிப்புக் கேமரா இவற்றை மறந்துவிட்டு எழுதப்படும் கதையும் இன்று நிற்காது.

அண்மைக்கால நூல்களில் நான் தயங்காமல் சொல்வது ஜெயமோகனின் 'பத்து லட்சம் காலடிகள்'. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஔசேப்பச்சன் நண்பர்களிடம் சொல்கிற கதைகள். குற்றத்தைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், அந்தக் குற்றம் ஏன் அந்தச் சமூகத்தில் நடந்தது என்பது வரை போகின்றன. "நான் இலக்கியம் மட்டும்தானுங்க படிப்பேன்" என்று சொல்பவரையும் இந்த அலமாரிக்கு அழைத்துவரும் நூல்.

வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: கடைசியாக எதை விடிய விடியப் படித்தீர்கள், எதைப் பாதியில் வைத்தீர்கள்? ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் விதி வகுத்தார். அது மர்ம நாவல் வாசகருக்கும் சேர்த்துத்தான். முடிச்சை மட்டும் சொல்லிவிடக் கூடாது. "அம்மிணி, அந்த வேலைக்காரன் மேல ஒரு கண்ணு வெச்சுக்க" என்று நூலகரே சொல்லிவிட்டால் முந்நூறு பக்கம் வீண்.

மாத நாவல்கள் இதழாக வந்தவை. படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போனவை. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் முதலியோரின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, வெளியூர்க்காரர்கள் இந்த எழுத்தைத் தேடிப் படித்தார்கள். புஸ்தகா நிறுவனம் பலவற்றை மின்னூலாக்கியிருக்கிறது. கோவை அனுப்பர்பாளையத்தில் பெரியார் நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே கொங்கு மர்ம எழுத்துக்கென்று ஒரு தனிப் பகுதி வேண்டும்: 'மலைக்கள்ளன்' பழைய பதிப்புகள், மாடர்ன் தியேட்டர்ஸ் பாட்டுப் புத்தகங்கள், அட்டை கிழியாத மாத நாவல்கள். வீட்டுப் பரணில் கட்டிப் போட்டிருப்பவர்கள் எடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.