தலையெழுத்தின் புதிய பதிப்பு

"குறை ஆலையிலே இல்லை, சார், என் எண்ணத்தில்தான் இருக்கிறது!"

நம்மிடம் இவ்வாறு கூறியவர் இருபது வயது இளைஞர். நாம் ஆசிரியப் பணி ஏற்ற முதல் ஆண்டில் நம் வகுப்பிலே பயின்றவர். பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்து வந்தார். ஆட்குறைப்பு வந்தது, வேறு நாற்பது பேருடன் அவரும் வெளியே அனுப்பப்பட்டார். அன்னையின் மருத்துவத்திற்காக மூன்று வட்டிக்கு வாங்கிய இருபதாயிரம் ரூபாய்க் கடன் வீட்டிலே காத்திருக்கிறது. அவர் கையிலோ ஒரு நூல். சட்டைப் பையிலோ ஒரு சீட்டு. 'ஒரு கோடி ரூபாய்' என்று அதிலே எழுதி, அது வந்து சேரவேண்டிய நாளையும் குறித்திருக்கிறார். காலை எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை அதை உரக்கப் படிக்கிறார். ஏன்? நூல் அவ்வாறு பணித்திருக்கிறது!

அந்நூலை வாங்கிப் படித்தோம். அமெரிக்க எழுத்தாளர் நெப்போலியன் ஹில் 1937-ல் வெளியிட்ட 'திங்க் அண்ட் குரோ ரிச்'. எண்ணுக, செல்வராகுக என்பது பெயரின் பொருள். அமெரிக்கா நொடித்துக் கிடந்த காலம் அது. 1933-ல் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பலருக்குப் பறிபோயிற்று. வங்கி ஏன் மூடிற்று, ஆலை ஏன் நின்றது என்று அம்மக்களுக்கு எடுத்துரைத்ததா இந்நூல்? வேட்கை கொள், நம்பு, தொகையை எழுது, ஓது என்றது!

ஓதியும் பொருள் வரவில்லையானால்? வேட்கை போதவில்லை, நம்பிக்கையிலே பழுது, விடாமுயற்சி குறைவு — விடை ஆயத்தமாக இருக்கிறது. நோய் தீரவில்லையே என்று கேட்கும் ஏழையிடம், உன் பக்தி போதாது என்று பூசாரி சொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன? வென்றால் நூலுக்குப் புகழ். தோற்றால் படித்தவன் மீது பழி. எது நடந்தாலும் பொய்யாகாத வாக்கை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? முன்பு தலையெழுத்து என்றார்கள். அதிலாவது, எழுதியவன் வேறொருவன் என்று ஏழை ஆறுதல் கொள்ளலாம். புதிய பதிப்பிலே எழுதியவனும் நீயே, குற்றவாளியும் நீயே!

இந்த இரகசியத்தைத் தமக்கு உணர்த்தியவர் எஃகுத் தொழில் மன்னர் ஆண்ட்ரூ கார்னெகி என்கிறார் ஹில். கார்னெகியோ 1919-லேயே மறைந்தவர். அவரது வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து 2006-ல் நூலாக்கிய டேவிட் நாசா, இருவரும் சந்தித்ததற்குச் சான்று எதையும் தாம் காணவில்லை என்றார். சந்திப்பு நிகழ்ந்ததென்றே வைத்துக்கொள்வோம். கார்னெகியும் சிறுவயதில் பஞ்சாலையிலே கூலி வேலை செய்தவர்தாம்; அவர் உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1892-ல், பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகாலையிலே, கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த தொழிலாளருக்கு அவரது நிறுவனம் கதவடைத்தது. பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதந்தாங்கிய ஆட்கள் 300 பேர் ஆற்று வழியே கொண்டுவரப்பட்டனர். மோதலிலே இருதரப்பிலும் உயிர்கள் போயின. தொழிலாளர் சங்கம் முறிந்தது. 1901-ல் கார்னெகி தம் எஃகுத் தொழிலை 48 கோடி டாலருக்கு விற்றார். எண்ணத்தின் மகிமை பேசும் ஏட்டிலே இந்த அத்தியாயத்துக்கு இடம் உண்டா?

பண்டைக் கிரேக்கத்து நாத்திகர் டையகோரஸ் பற்றி ரோமானிய அறிஞர் சிசரோ ஒரு செய்தி தருகிறார். புயலிலே வேண்டிக்கொண்டு உயிர் பிழைத்தோர் கோயிலில் காணிக்கையாக வைத்த ஓவியங்களை நண்பர் ஒருவர் காட்டி, தெய்வம் காத்ததற்கு இவை சான்றல்லவா என்றாராம். கப்பல் உடைந்து கடலிலே மாண்டவர்களின் ஓவியங்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டாராம் டையகோரஸ்! வெற்றி நூல் ஒவ்வொன்றிடமும் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். அதே சீட்டை எழுதி, அதே வேட்கையோடு ஓதி, ஏழையாகவே மாண்டவர் எத்தனை பேர்? அவர்கள் ஏன் நூல் எழுதவில்லை?

மந்திரம் ஓதாத நூல்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஜிம் காலின்ஸ் 2001-ல் 'குட் டு கிரேட்' என்ற நூலிலே, நல்ல நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்குத் தாவியவை என 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வெற்றிக்கு விதிகள் வகுத்தார். அவற்றுள் சர்க்கியூட் சிட்டி 2008-ல் திவாலாயிற்று. அதே ஆண்டு ஃபேனி மே அரசின் பொறுப்பிலே விழுந்தது. வென்றவரைப் பார்த்தபின் விதி எழுதுவது எளிது. விதியைக் கொண்டு வெல்பவரைக் காட்டுவதன்றோ அரிது!

எனினும் இவ்வகை நூல்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. இவற்றின் மூதாதை, சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-ல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. தன் கையே தனக்குதவி என்பது அதன் கொள்கை. அது பிறந்த கதையை முன்னுரையிலே அவரே சொல்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏழை இளைஞர் இரண்டு மூன்று பேர் பனிக்கால மாலைகளில் கூடிப் படிக்கத் தொடங்கினர். கூட்டம் நூறாகப் பெருகிற்று. காலரா மருத்துவமனையாக இருந்த அழுக்கடைந்த அறையை வாடகைக்குப் பிடித்து, எழுத்தும் கணக்கும் புவியியலும் தமக்குள்ளே கற்பித்துக்கொண்டனர். அவர்கள் அழைத்தபோது ஆற்றிய உரைகளே நூலின் வித்து. தன் கையே தனக்குதவி என்ற நூல் பிறந்தது பல கைகள் கூடிய அறையிலே!

அதே காலத்தில், 1844-ல், ராச்டேல் நகரிலே நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் 28 பவுன் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் சிறுகடை திறந்தனர். அங்கே தழைத்த கூட்டுறவு நெறி உலகெங்கும் பரவிற்று. 1904-ல் நம் திருவல்லிக்கேணியிலும் நகரக் கூட்டுறவுச் சங்கமாக முளைத்தது. அந்த 28 பேரும் கோடீசுவரர் ஆகவில்லை. ஆனால் கலப்படமற்ற மாவு கிடைத்தது, இலாபத்திலே பங்கு கிடைத்தது.

நம் இளைஞரின் சீட்டைத் திருப்பி, பின்புறத்திலே கணக்கு ஒன்று போட்டோம். இருபதாயிரத்துக்கு மூன்று வட்டி, மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200. மூன்றாண்டில் 21,600 ரூபாய் கட்டியபின்னும் முதல் 20,000 அப்படியே நிற்கும்! நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுறவு வங்கியிலே குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமா என்று விசாரித்தீரா? இல்லை. ஆட்குறைப்புக்குச் சட்டப்படி சேரவேண்டிய இழப்பீடு வந்ததா? தெரியவில்லை. உம்மோடு வெளிவந்த நாற்பது பேரும் என்ன செய்கிறார்கள்?

"தெரியாது, சார். நான் யாரையும் பார்க்கவில்லை" என்றார்.

இந்நூல்கள் செய்யும் பெருந்தீங்கு இதுவே, தோழர்களே! நாற்பத்தொரு பேரின் பொதுத் துயரை, ஒருவன் தனியே அறைக்குள் அமர்ந்து வெட்கப்படும் குறையாக மாற்றிவிடுகின்றன. வெட்கப்படுபவன் கணக்குக் கேட்பானா? சேமிப்பைக் கற்பிக்கும் நூலைப் படியுங்கள்; வட்டியைக் கணக்கிடச் சொல்லும் நூலைப் படியுங்கள்; தொழிலின் நெளிவு சுளிவுகளை விளக்கும் நூலையும் படியுங்கள். ஆனால், உன் வறுமைக்கு உன் எண்ணமே காரணம் என்று தொடங்கும் ஏட்டை எடுத்தால், மூழ்கியவர்களின் ஓவியம் எங்கே என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

மறுவாரம் அந்த இளைஞர் வந்தார். சட்டைப் பையிலே சீட்டு இருந்தது. கோடியும் தேதியும் இருந்த பக்கம் உட்புறம் மடிந்திருந்தது. கணக்கிருந்த பக்கத்திலே பதினேழு பெயர்களை எழுதி வைத்திருந்தார்.

"மற்றவர்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன், சார்" என்றார்.