நான்கு டிகிரித் தண்ணீருக்கு எந்த உள்ளுடை?

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் கோடையிலும் தண்ணீர் 4 டிகிரியைத் தாண்டுவதில்லை. லாங்யோகுல் பனிப்பாறை உருகி, எரிமலைப் பாறைக்குள் பல்லாண்டு கசிந்து வரும் நீர் அது. அங்கே ஸ்கூபாவுக்கு இறங்க ட்ரைசூட் கட்டாயம். ஆனால் வாங்கப் போகிறவர்கள் காசு, கவனம் எல்லாவற்றையும் வெளியுடையிலேயே கொட்டிவிடுகிறார்கள். மெல்லிய மூன்றடுக்குத் துணியில் தைத்த சூட், தண்ணீரை உள்ளே விடாது. அதோடு அதன் வேலை முடிந்தது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும் நீரிலிருந்து உங்களைக் காப்பது உள்ளே போடும் உடைதான்.

உள்ளுடையிலும் துணியைவிட, அது பிடித்து வைத்திருக்கும் காற்றே உடல் வெப்பத்தைக் காக்கிறது. லேபிளில் போட்டிருக்கும் 200, 400 என்ற எண்கள் ஒரு சதுர மீட்டர் நிரப்பின் கிராம் எடை. கடைக் கண்ணாடி முன் நின்று அவற்றை ஒப்பிடுவதில் பாதிப் பயன்தான். நீருக்குள் நிமிர்ந்து நின்றால் காற்று தோளுக்கு ஏறிவிடும், கால்பக்கம் சூட் இறுகும். குப்புற மிதந்தால் வயிற்றுப்பக்கம் நசுங்கும். நசுங்கிய இடத்தில் எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்பதே கேள்வி. தின்சுலேட் என்ற நிரப்பின் நுண்ணிழைகள் இங்கேதான் சாதாரண ஃப்ளீஸை முந்துகின்றன. ஈரமும் அவற்றில் அவ்வளவாக ஏறாது. பருத்திச் சட்டையை மட்டும் உள்ளே போட்டுவிடாதீர்கள். வியர்வை பட்டால் நனைந்த இலவம்பஞ்சுத் தலையணைபோல் ஆகிவிடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி, அல்லது நல்ல பாலியெஸ்டர்.

சான்டியின் பிஇசட்400 போன்ற கனத்த ஒற்றை உடை, ஃபோர்த் எலிமென்ட்டின் ஆர்க்டிக் போன்ற மேல்-கீழ் இரட்டை உடை என்று இரு வகையும் போட்டுப் பார்த்தேன். சில்ஃப்ராவில் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் டைவுக்கு முதல் வகையே நிம்மதி. ஆனால் ஒரு தொகுப்புதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது வேறு: மெரினோ, அதன்மேல் கையில்லாத ஃப்ளீஸ் வெஸ்ட், அதன்மேல் 200 கிராம் உடை. உடம்பின் நடுப்பகுதி சூடாக இருக்கும், தோள்கள் தடையின்றி அசையும். மிதமான நீருக்குப் போனால் வெஸ்ட்டைக் கழற்றிவிடலாம்.

கடையில் ட்ரைசூட்டையும் சேர்த்துப் போட்டுக் குந்துங்கள். கைகளை மார்பில் கட்டிப் பாருங்கள். பின்னால் சிலிண்டர் வால்வைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள். நான் போட்ட ஓர் உடையில் (பெயர் வேண்டாம்) இடது கையில் பஞ்சு அதிகம். அது சூட்டிலிருந்து காற்றை வெளியேற்றும் வால்வை உள்ளிருந்தே அடைத்தது. மேலேறும்போது சூட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்துகொண்டே போகும் நேரத்தில் இது விளையாட்டல்ல. அந்த இடத்தில் வலைத்துணி வைத்துத் தைத்த உடைகள் கிடைக்கின்றன.

பாட்டரியில் சூடாகும் வெஸ்ட்டை நான் முதல் கவசமாக நம்பமாட்டேன். அமெரிக்கக் கடற்படை 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அடியில் கதகதப்பாக இருந்து மேலேறும் கட்டத்தில் குளிர்ந்தவர்களுக்கே அழுத்தத் தளர்வு நோய் அதிகம் வந்தது. பாட்டரி பாதியில் தீர்ந்தால் நடப்பது அதுதான். அது அணைந்தாலும் கரை சேரப் போதுமான உள்ளுடை வேண்டும்.

உள்ளுடையின் தடிமன் கூடக் கூட, மூழ்கக் கட்டும் ஈய எடையும் கூடும்: ஒரு லிட்டர் கூடுதல் காற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. புது உடையோடு முதலில் ஆழமில்லாத நீரில் இறங்குங்கள். சிலிண்டரில் 50 பார் மிஞ்சும்போது, சூட் உடம்பை இறுக்காத அளவு காற்றோடு 5 மீட்டரில் நிலையாக நிற்க முடிகிறதா என்று பார்த்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.