ரிம்மின் முதுகு

பாகான் டத்தோவில் ஒருவர் ஹோண்டா சிவிக் வாங்கினால், அடுத்து கண் போவது ஸ்போர்ட் ரிம் மேல்தான். டயர் கடைச் சுவரில் கறுப்பு, வெள்ளி, வெண்கல நிறங்களில் அவை வரிசையாகத் தொங்கும். வாங்க வந்தவர் முகப்பை ரசிப்பார். விவரம் தெரிந்தவர் திருப்பிப் பார்ப்பார்.

ரிம்மின் ஜாதகம் முதுகில்தான் இருக்கிறது. விட்டம் 17 அங்குலம், அகலம் 7.5, ஐந்து துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர். பக்கத்தில் ஆஃப்செட்டைக் குறிக்கும் ‘ஈ.டி. 45’. இந்த எண் குறையக் குறைய சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தும். நடுத்துளையும் முக்கியம்: சிவிக்கின் ஹப் 64.1, வெளிக்கடை ரிம்கள் பலவற்றில் 73.1. இடைவெளியை வளையம் போட்டு நிரப்பாவிட்டால், வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கலாம்.

அழகென்றால் 1996இல் ஜப்பானின் ரேஸ் நிறுவனம் கொண்டுவந்த டி.இ.37. ஆறே ஆரங்கள், வீண் அலங்காரம் இல்லை. உலோகத்தை அழுத்தி வடித்ததால் எடை குறைவு, உறுதி அதிகம். அதன் 15 அங்குல ரிம்மின் எடையான 3.7 கிலோதான் பெயரில் உள்ள 37. அதைப் பார்த்து வார்த்த நகல்கள் ஏராளம். தோற்றம் வரும், எடையும் உறுதியும் வராது.

பாகான் டத்தோவின் செம்பனைத் தோட்டத்துக் குழிச்சாலைக்கு 18 அங்குலமும் மெல்லிய டயரும் ஒத்துவராது. அடி நேரே ரிம்முக்குப் போகும். கடற்காற்றின் உப்பு, பூச்சு உரிந்த இடத்தை அரிக்கும். எனவே 17 அங்குலம், எளிய ஆரங்கள், வாரம் ஒருமுறை தண்ணீர்க் கழுவல். நம்மூர் சிவிக்குக்கு அதுவே போதும், அதுவே அழகு.