களியைத் தொடாத ஆலோசனை

எடை குறைந்த குழந்தையோடு பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் தாய்க்குச் சில சமயம் மருந்துச் சீட்டைவிடப் பயன்படுவது உணவியல் நிபுணர் கேட்கும் ஒரு கேள்வி: நேற்று காலை முதல் இரவு வரை குழந்தை என்னென்ன சாப்பிட்டது? கேட்கத் தெரிந்தவர் ‘நல்லாத்தான் சாப்பிடுறான்’ என்ற பதிலோடு விடமாட்டார். எந்தக் கிண்ணம், எத்தனை கரண்டி, பிஸ்கட் கொடுத்தது சோற்றுக்கு முன்பா பின்பா என்று துருவுவார். மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் மெலிவு என்பதை நாடா காட்டிவிடும். காரணம் இந்தத் துருவலில்தான் கிடைக்கும்.

சறுக்கல் அடுத்த கட்டத்தில். பால், முட்டை, பழம், கீரை என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியலோடு பேச்சு முடிந்தால், வீட்டில் கிண்டும் கேழ்வரகுக் களி அப்படியே நிற்கிறது. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அதற்காக ‘ராகி நல்லது’ என்று மெச்சி அனுப்புவதும் அரைவேக்காடுதான். களி தண்ணீரை இழுத்துப் பருத்த உணவு. சின்ன வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், கலோரி சேராது. ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால், முளையில் ஊறும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கும். அதே பதத்தில் கூடுதல் மாவு கரைக்கலாம். மேலே ஒரு கரண்டி கடலை எண்ணெய், கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி. இதைச் சொன்னால் போதாது, அடுப்பு வைத்துச் செய்து காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆலோசனையைக் கேட்பவர் ஒருவர், ஊட்டுபவர் வேறொருவர். பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பாட்டிதான் கிண்ணத்தை எடுக்கிறார். அவர் ஆலோசனை அறைக்கு வந்ததே இல்லை.

இதே மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய பணி எதிர்த்திசையில் போனது. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நலப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். பிறகு சிறுதானிய விவசாயத்திலும் கைவைத்தார்கள். அங்கே சிசு மரணம் வெகுவாகக் குறைந்ததற்கு உணவு மட்டுமே காரணம் என்றால் அது மிகை. பிரசவ வசதியும் தடுப்பூசியும் பங்காளிகள். ஒரு பள்ளத்தாக்கின் முறையை மாவட்டம் முழுக்க விரிப்பதும் எளிதல்ல. ஆனால் அதற்கான ஆட்கள் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2022 மே மாதம் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் நிற்பதே அங்கன்வாடிகளை நம்பித்தான். குழந்தை வீடு திரும்பும் நாளில் அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒரு சீட்டும் பாட்டிக்கு ஒரு செல்போன் அழைப்பும் போக வேண்டும். இதற்குப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை.